ஏற்ற இறக்கங்களின் சொற்கள்: ஆங்கிலப் பொருளாதார வழக்குப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வுகளை எடுத்துரைப்பதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொற்களிற் பெரும்பாலானவை அத்துறைக்கென ஆக்கப்பட்டவை அல்ல. நீர்க்குமிழியும், காய்ச்சலின் திருப்பமும், காட்டுத் தெய்வம் விளைக்கும் அச்சமும், நிலத்தின் தாழ்வும், கடல்நீரின் பின்வாங்கலும், காற்றடைத்த பையின் புடைப்பும் வணிகரின் கடிதங்களிலும் பாராளுமன்ற அறிக்கைகளிலும் புகுந்து, நாளடைவில் தமது பிறப்பை மறந்து, கலைச்சொற்கள் என்னும் தகுதியைப் பெற்றன. அவற்றைத் தமிழாக்கும் நாம் அவற்றின் இன்றைய பொருளை மட்டுமே கைக்கொள்கிறோம். ஆயின் அவை ஒவ்வொன்றும் எந்த வேளையில், எவருடைய பொறுப்பைச் சுட்டுவதற்கு அல்லது மறைப்பதற்குப் பயன்பட்டன என்று வினவுவோமாயின், ஆராய்ச்சி அகராதியோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் 'பபிள்' எனப்படும் குமிழியை நோக்குவோம். 1720ஆம் ஆண்டு இலண்டனில் தென்கடற் கம்பனியின் பங்குகள் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 130 பவுணுக்கு விற்றன. கோடைகாலத்தில் 1000 பவுணை எட்டும் அளவுக்கு உயர்ந்தன. ஆண்டு முடியுமுன்னர் 200 பவுணுக்குக் கீழே வீழ்ந்தன. அரசின் கடனைத் தன் பங்குகளாக மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்ட கம்பனி அது. அமைச்சர்களுக்கும் அரசவையினருக்கும் அது பங்குகளைக் கையூட்டாக வழங்கியிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. அக்காலத்து ஆங்கிலத்தில் 'பபிள்' என்பது பெயராக மட்டுமன்றி வினையாகவும் வழங்கியது. ஒருவனைப் 'பபிள்' செய்தல் என்றால் அவனை ஏமாற்றுதல் என்பது பொருள். ஆகவே அன்றைய வாசகனுக்கு அச்சொல் அழகாகப் பறந்து உடையும் சவர்க்கார நுரையை மாத்திரம் நினைவூட்டவில்லை. ஏமாற்றியவன் ஒருவன் உளன் என்பதையும் அது உடன் உணர்த்திற்று.

அந்த ஒருவனைத் தேடும் பணியும் நடைபெற்றது. பாராளுமன்றம் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. கம்பனியின் காசாளர் நாட்டை விட்டுத் தப்பியோடினார். நிதியமைச்சர் ஜோன் எய்ஸ்லபி 1721இல் சபையினின்று நீக்கப்பட்டு இலண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். பணிப்பாளர்களின் சொத்துக்களிற் பெரும்பகுதி பறிமுதல் செய்யப்பட்டது; உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றாசிரியர் எட்வேட் கிப்பனின் பாட்டனாரும் அவ்வாறு செல்வமிழந்தோருள் ஒருவர். நீதி முழுமையாக வழங்கப்பட்டது என்று கொள்வதற்கில்லை. திறைசேரிச் செயலாளர் சாள்ஸ் ஸ்டன்ஹோப் மூன்றே வாக்குகளால் விடுவிக்கப்பட்டார். எனினும் குமிழி உடைந்ததற்கு விடை கூறவேண்டியவர்கள் மனிதர்களே என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறுகின்றது. 1825, 1837, 1847, 1857, 1866 என ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை பிரித்தானிய வணிகம் குலைந்தது. இக்குலைவுகளுக்கு இரு சொற்கள் வழங்கின. ஒன்று 'பானிக்'. கிரேக்க மரபிலே காட்டு வழியிற் செல்வோருக்குக் காரணமற்ற திகிலை ஊட்டும் பான் என்னும் தெய்வத்தின் பெயரடியாகப் பிறந்தது இது. கோளாறு மக்களின் மனத்தில் உள்ளது. அச்சம் தணிந்தால் யாவும் சீராகும் என்னும் கருத்து இதில் அடங்கும். வால்டர் பேஜட் 1873இல் வெளியிட்ட 'லொம்பார்ட் வீதி' என்ற நூலில், அச்சம் பரவும் வேளையில் மத்திய வங்கி நல்ல பிணையின்பேரில் தாராளமாகக் கடன் வழங்கவேண்டும் என்று வாதிட்டமை இக்கருத்தின் முதிர்ந்த வடிவம் எனலாம்.

மற்றையது 'கிரைசிஸ்'. கிரேக்கத்திலே தீர்ப்பு, முடிவு என்று பொருள்படும் இச்சொல்லை இப்போக்கிரட்டிசு மரபு மருத்துவர்கள் காய்ச்சல் தணியுமா, நோயாளி இறப்பானா என்று முடிவாகும் வேளைக்கு வழங்கினர். நெடுநாள் நீடிப்பது கிரைசிஸ் ஆகாது. அது ஒரு திருப்பம். நாம் வழங்கும் 'நெருக்கடி' என்னும் சொல்லில் இந்தக் காலவரையறை இல்லை. நெருக்கடி மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நீளலாம். அதில் இடுக்குண்டவனின் துன்பம் தெரிகிறது, தீர்வின் வேளை தெரிவதில்லை. தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லிலும் குறைந்தது என்று நான் கருதவில்லை. துன்புறுவோர் பக்கத்தில் நின்று பார்க்கையில் அதுவே பொருத்தமானது.

வணிகக் குலைவுகள் முறைவைத்தாற்போல் மீண்டும் மீண்டும் வந்தமை சிந்தனையாளர்களைத் தனிமனிதக் குற்றங்களுக்கு அப்பாற் செல்லத் தூண்டியது. வங்கியாளர் சாமுவேல் ஜோன்ஸ் லொயிட், பின்னாளில் ஓவர்ஸ்டோன் பிரபு எனப்பட்டவர், 1837இல் வெளியிட்ட சிறுநூலொன்றில், வணிகம் அமைதியிலே தொடங்கி, நம்பிக்கை, செழிப்பு, மிகைக் கிளர்ச்சி, இடர் எனப் பல நிலைகளைக் கடந்து, மீண்டும் அமைதியிலே வந்து சேரும் ஒரு வட்டத்தில் இயங்குவதாகக் கூறினார். மருத்துவக் கல்வி பெற்ற பிரெஞ்சுக்காரரான கிளெமென் ஜுக்லார் 1862இல், வணிக நெருக்கடிகள் தவணை தவறாது திரும்புவதைப் புள்ளிவிபரங்கள் கொண்டு காட்டினார்; நெருக்கடியின் காரணத்தை அதற்கு முந்திய செழிப்பிலேயே தேடவேண்டும் என்பது அவர் துணிபு. 1857ஆம் ஆண்டுக் குலைவையொட்டி நியூயோர்க் டெய்லி டிரிபியூன் இதழில் எழுதிய கார்ல் மார்க்சும், ஊகவணிகரின் பேராசையைக் காரணமாகக் காட்டுவோரைச் சாடினார். ஒழுங்காகத் திரும்பி வரும் ஒன்றுக்குச் சிலரின் தீயொழுக்கம் போதிய விளக்கமாகாது என்னும் அவரது வாதம் மறுத்தற்கரியது. இவ்வளவில் 'வட்டம்' என்னும் உருவகம் அறிவு வளர்ச்சிக்கு உதவிற்று என்பதை ஏற்கவேண்டும்.

இலண்டனில் வட்டம் என்று பெயர் பெற்றது பிற நாடுகளில் எவ்வாறு உணரப்பட்டது என்பதற்கு எமது நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1847ஆம் ஆண்டு நெருக்கடியோடு இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கான கடன் வரத்துத் தடைப்பட்டது. கோப்பியின் விலை வீழ்ந்தது. அரச வருமானம் சுருங்கியது. அதனை ஈடுசெய்ய முனைந்த தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு உடலுழைப்பையும் கட்டாயமாக்கினார். 1848இல் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது, பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

வட்டத்துக்குக் காரணம் தேடிய முயற்சி விந்தையான இடமொன்றுக்கும் இட்டுச்சென்றது. பேரறிஞரான வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1870களின் பிற்கூறில், வணிக நெருக்கடிகள் ஞாயிற்றின் கரும்புள்ளிகளோடு தொடர்புடையன என்று நிறுவ முயன்றார். கரும்புள்ளிகளின் பெருக்கமும் குறைவும் இந்தியாவின் விளைச்சலைப் பாதிக்கும். விளைச்சல் பொய்த்தால் இந்திய உழவன் லங்காஷயர்த் துணியை வாங்கமாட்டான். ஆலைகள் முடங்கும் என்பது அவரது தருக்கம். சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் நிலவிய காலம் அது. அப்பஞ்சத்திற் பட்டினியால் மாண்டோர் இக்கோட்பாட்டில் துணி வாங்காதோராக மட்டுமே தோன்றுகின்றனர். எய்ஸ்லபியைக் கோபுரத்தில் அடைத்த பாராளுமன்றம் ஞாயிற்றை எங்கே அடைக்கும்?

'டிப்ரெஷன்' என்ற சொல் இச்சூழலிலேயே அரங்கின் நடுவுக்கு வருகின்றது. இலத்தீனில் அமுக்குதல் என்னும் பொருளடியாகப் பிறந்த இச்சொல் தாழ்ந்த நிலத்துக்கும், சோர்ந்த மனத்துக்கும், வானிலையில் காற்றமுக்கம் குறைந்த நிலைக்கும் வழங்கிவந்தது. 1885இல் பிரித்தானிய அரசு, வணிகத்தினதும் கைத்தொழிலினதும் டிப்ரெஷன் பற்றி ஆராய இடெஸ்லி பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவொன்றை நியமித்தது. 1873 முதல் 1896 வரையான காலம் பொருளியல் நூல்களிலே 'பெருமந்தம்' எனப் பெயர்பெற்றது. 1930களின் பேரிடர் அப்பெயரைப் பறித்துக்கொள்ளும் வரை அது 19ஆம் நூற்றாண்டுக்கே உரியதாயிருந்தது.

ஆயின் மந்தம் யாருக்கு? அக்காலத்தில் விலைகள் வீழ்ந்தன என்பது உண்மை. அமெரிக்கக் கோதுமை நீராவிக் கப்பல்களில் வந்து குவியவே, 1894இல் இங்கிலாந்தில் கோதுமையின் சராசரி விலை குவாட்டர் ஒன்றுக்கு 23 சிலிங்குக்குங் கீழே போயிற்று. நிலக்கிழார்களின் வாரமும் ஆலை முதலாளிகளின் இலாபமும் சுருங்கின. உற்பத்தியோ வளர்ந்துகொண்டே இருந்தது. வேலை கையிலிருந்த தொழிலாளியின் கூலி முன்னையிலும் மிகுதியான பாணை வாங்கியது. வரலாற்றாசிரியர் எஸ்.பி. சோல் 1969இல் வெளியிட்ட நூலில் இப்பெருமந்தம் ஒரு கட்டுக்கதை என்றே தலைப்பிட்டு வாதிட்டார். கட்டுக்கதை என்பது சற்று மிகை; வேலையற்றோரின் துயரும் நிலத்தை விட்டகன்ற உழவரின் துயரும் மெய்யானவையே. எனினும் வாரமும் இலாபமும் குன்றியோரின் துன்பமே காலத்தின் பெயராகி ஆவணங்களிற் பதிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தபின் அமெரிக்க ஜனாதிபதி ஹேபட் ஹூவர், 'பானிக்', 'கிரைசிஸ்' என்னும் சொற்கள் மக்களை அச்சுறுத்தும் என்றெண்ணி 'டிப்ரெஷன்' என்பதைப் புகுத்தினார் என்று அடிக்கடி கூறப்படுவதுண்டு. மேலே கண்டவாறு அச்சொல் அவருக்கு முன்னரே பழகிப்போனது. அவர் செய்ததெல்லாம் அதனை விரும்பித் தேர்ந்தமையே. மென்மையெனத் தேர்ந்த அச்சொல்லே சில ஆண்டுகளில் உலகின் மிகக் கொடிய சொல்லாயிற்று. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்து நின்றனர். ஆகவே 1937இலும் 1938இலும் பொருளாதாரம் மீண்டும் சரிந்தபோது அதே பெயரை இட எவரும் துணியவில்லை. பின்வாங்குதல் என்று மட்டும் பொருள்படும் 'ரிசெஷன்' வழக்கில் நிலைத்தது. அலை பின்வாங்கினால் தானே திரும்பி வருமன்றோ.

ஒவ்வொரு முறையும் மெல்லிய சொல் ஒன்று தேடப்பட்டு, துன்பத்தின் சாயல் ஏறி அதுவும் கடுமையாவதைப் பொருளியலறிஞர் ஜோன் கென்னத் கால்பிரெய்த் எள்ளலோடு எடுத்துக்காட்டியுள்ளார். அவ்வெள்ளலையும் மிஞ்சிய நிகழ்ச்சி 1978இல் நடந்தது. ஜனாதிபதி காட்டரின் பணவீக்க ஆலோசகர் அல்பிரட் கான், விலையேற்றம் கட்டுக்கடங்காவிட்டால் 'டிப்ரெஷன்' விளையலாம் என்று வெளிப்படையாகப் பேசிவிட்டார். வெள்ளை மாளிகையினர் கடிந்துகொண்டனர். அன்றுமுதல் அச்சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வாழைப்பழம்' என்றே சொல்வேன் என அறிவித்து, நாட்டுக்கு வரக்கூடிய வாழைப்பழத்தின் கடுமையைப் பற்றிப் பேசலானார். வாழைப்பழ வணிகர் முறையிட்டபோது 'கும்குவாட்' என்னும் சிறு நாரத்தை வகைக்கு மாறினார். நகைச்சுவையாக நினைவுகூரப்படும் இச்செயல், சொல்லை மறைத்தால் பொருள் மறையும் என்று நம்பும் அலுவலகங்களுக்கு நல்ல மறுமொழி.

கால்பிரெய்த் கூறியது பாதி உண்மையே என்பது என் எண்ணம். சொற்கள் மென்மையானது மட்டும் மாற்றமன்று. வாக்கியத்தின் எழுவாயும் மாறிற்று. 1720இல் பணிப்பாளர்கள் ஏமாற்றினர். 1837இல் வணிகர்கள் அளவுமீறி வாணிகம் செய்தனர். 20ஆம் நூற்றாண்டில் 'வளைகோடு' ஏறுகிறது, 'சுட்டெண்' தளர்கிறது, 'சந்தை' சோர்கிறது. இம்மாற்றத்திற் பெரும் பங்கு வரைபடத்துக்கு உண்டு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் 1786இல் வெளியிட்ட வணிக, அரசியற் படத்தொகுப்பில் ஏற்றுமதி இறக்குமதிகளைக் காலத்தோடு நீளும் கோடுகளாக வரைந்து காட்டினார். விலை ஏறிற்று, இறங்கிற்று என்னும் வழக்கு எம்மொழியிலும் பழமையானதே. உச்சி, அகடு, மேட்டுநிலம், வளைவு, அடிதொட்டு மீளுதல் ஆகிய வழக்குகளோ கோட்டைக் கண்ணாற் கண்டோர் பேச்சாகும். கோடு நிலத்தோற்றமாயிற்று, நிலத்தோற்றத்துக்கு யார் பொறுப்பு? 1929 ஒக்டோபர் நடுப்பகுதியில், பங்கு விலைகள் நிலையான உயர் மேட்டுநிலத்தை அடைந்துவிட்டன என்று கருத்துரைத்த பொருளியலறிஞர் இர்விங் பிஷர், தமது உருவகத்தின் மீதே நடந்து விளிம்பைக் காணாது போனார். சில நாட்களிற் சந்தை சரிந்தது. அவரது சொந்தச் செல்வமும் அத்தோடு போயிற்று.

கோடு அளவீட்டையும் தந்தது என்பதை மறுக்கலாகாது. அமெரிக்கத் தேசிய பொருளியல் ஆய்வுப் பணியகத்தின் ஆதர் பேர்ன்சும் வெஸ்லி மிச்சலும் 1946இல் வெளியிட்ட பெருநூலால் உச்சி, அகடு என்பவை நாள் குறிக்கத்தக்க நிகழ்ச்சிகளாயின. ஆனால் அளவீடும் சுருங்கிப் பழமொழியாகிவிடும். தொடர்ந்து இரு காலாண்டுகள் உற்பத்தி குன்றினால் அது 'ரிசெஷன்' என்னும் விதி, புள்ளிவிபரவியலாளர் ஜூலியஸ் ஷிஸ்கின் 1974இல் செய்தித்தாட் கட்டுரையொன்றிற் கூறிய பல அளவுகோல்களுள் ஒன்று. ஏனையவை மறக்கப்பட்டன, இஃது ஒன்றே நிலைத்தது. 2022இன் முதல் இரு காலாண்டுகளில் அமெரிக்க உற்பத்தி குறைந்ததாகக் கணக்குகள் வெளியானபோது, நாட்டில் ரிசெஷன் உண்டா இல்லையா என்பதே கட்சிப் பூசலாயிற்று. மேற்கூறிய பணியகமோ அவ்வாறு அறிவிக்கவில்லை.

இனி 'இன்ஃப்ளேஷன்'. எமக்கு மிக நெருங்கிய சொல் இதுவே. காற்றூதிப் புடைக்கச் செய்தல் என்பது இலத்தீன் மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இது விலைகளைக் குறிக்கவில்லை. நாணயத்தாள்களின் பெருக்கத்தையே குறித்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அச்சிடப்பட்ட பச்சைத்தாள் நாணயத்தை மேலும் பெருக்க அனுமதிக்கும் சட்டமூலம் 1874இல் கொங்கிரசில் நிறைவேறியது. அது மக்கள் வாயில் 'இன்ஃப்ளேஷன் மசோதா' எனப்பட்டது. ஜனாதிபதி கிரான்ட் அதற்கு இசைவு மறுத்தார். அன்று இன்ஃப்ளேஷன் என்றால் ஒருவர் செய்யும் செயல். ஊதுபவர் ஒருவர் இருந்தார். விலைச் சுட்டெண்கள் பெருகிய 20ஆம் நூற்றாண்டில் பொருள் காரணத்திலிருந்து விளைவுக்கு நழுவி, விலைமட்டம் உயரும் வேகமே அதன் பொருளாயிற்று. ஊதுபவர் சொல்லிலிருந்து வெளியேறினார். இந்நழுவலுக்கும் நியாயம் உண்டு. எண்ணெய் விலையாலும் விளைச்சற் குறைவாலும் விலைகள் ஏறுவதுண்டாகையால் பணப்பெருக்கமொன்றையே காரணமாகச் சொல்லில் முன்கூட்டிப் பதித்துவைத்தல் பொருந்தாது. பிரித்தானிய அரசியல்வாதி இயன் மக்லியொட் 1965இல் தேக்கத்தையும் வீக்கத்தையும் ஒட்டிப் புதுச்சொல்லொன்றை ஆக்கியதும் பழைய விளக்கங்கள் போதாமையினாலேயே.

தமிழின் 'பணவீக்கம்' இவ்விடத்தில் வியப்பூட்டுவது. அது பழம் பொருளையே பேணி நிற்கின்றது, வீங்குவது பணம். ஆயினும் நாம் அதனை வழங்குவது புதுப்பொருளில், அதாவது விலையேறும் வேகம் என்னும் பொருளில். அத்தோடு வீக்கம் உடல்நோய் சார்ந்த சொல். கால்வீக்கம் குறைந்தால் கால் பழைய அளவுக்குத் திரும்பும். பணவீக்கம் குறைந்தால் விலை பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஏறும் வேகம் மட்டுமே தணிகிறது. ஆங்கிலத்தில் வேகம் தணிதலுக்கு ஒரு சொல்லும் விலை மெய்யாகவே இறங்குதலுக்கு இன்னொரு சொல்லும் உள. பின்னதைப் பணச்சுருக்கம் என்கிறோம். முன்னதற்குப் பொதுமக்கள் அறிந்த தமிழ்ச்சொல் இல்லை.

இக்குறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்திய 2022இல், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பர் மாதம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 2023 யூலையில் அது ஏறத்தாழ 6 சதவீதமாகியது. 'பணவீக்கம் வீழ்ந்தது' என்று செய்திகள் அறிவித்தன. அரிசிக் கடையில் நின்றவர்கள் அதனைப் பொய்யெனக் கொண்டனர். நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை 170 ரூபாவாகி, மறு ஆண்டில் மேலும் 6 சதவீதம் ஏறின் 180 ரூபாவாகும் என்ற சிறு கணக்கை அச்சொல் அவர்களுக்குச் சொல்லவில்லை. உயராத சம்பளத்தோடு அக்கூடையை வாங்கியவர்களின் சினத்தை அறியாமை என்று ஒதுக்கிய படித்தவர்கள் சிலர், தாம் கையாண்ட சொல்லே அவ்விளக்கத்துக்கு இடம்தந்தது என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசு வெளியிடும் பிணையங்களை வங்கி முதனிலைச் சந்தையில் நேரடியாகக் கொள்வனவு செய்வதைத் தடைசெய்தது. பணவீக்க இலக்குத் தொடர்ந்து இரு காலாண்டுகள் எல்லை தவறினால் காரணங்களை விளக்கும் அறிக்கையொன்று பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கப்படல் வேண்டும் என்றும் அது விதித்தது. இலக்கு 5 சதவீதம். இருபுறமும் 2 சதவீதம் வரை விலகலாம். அவ்விதியின்கீழ் முதன்முதல் விளக்கம் தரவேண்டி வந்தது 2024இல். அன்று விளக்கப்பட வேண்டியிருந்தது பணவீக்கம் மிகுந்தமை அன்று. அது 3 சதவீதத்துக்குங் கீழே போனமையே.